நண்பகலில் ஒரு விளக்கு

உழைப்பாளரைப் படம்பிடித்தவர்கள் செயற்கை ஒளியைக் கையில் எடுத்ததற்கு முதற்காரணம் இருட்டு. 1887இல் ஜெர்மனியில் அடோல்ஃப் மீத்தே, யோஹன்னஸ் கேடிக்கே ஆகிய இருவரும் மக்னீசியத் தூளை வேறு வேதிப்பொருள்களோடு கலந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்து முடியும் ஒளித்தூளை உருவாக்கினார்கள். அச்செய்தியை நாளிதழில் படித்த நியூயார்க் நிருபர் ஜேக்கப் ரீஸ், சன்னலற்ற குடியிருப்பு அறைகளுக்குள் அந்தத் தூளோடு நுழைந்து, அங்கே நெருக்கியடித்துக் கிடந்த புலம்பெயர்ந்த கூலிகளின் வாழ்வை 1890இல் நூலாக வெளியிட்டார். அந்த முயற்சியில் இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்கும் தீ வைத்துக்கொண்டதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1908 முதல் அமெரிக்கக் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காக ஊர் ஊராகச் சென்ற லூயிஸ் ஹைன், பஞ்சாலைகளில் நூற்புக் கதிர்களுக்கு முன் நின்ற சிறுமிகளைப் பதிவுசெய்தபோது, உள்ளிருட்டில் அதே வகைத் தூளின் வெளிச்சத்தையும் பயன்படுத்தினார். மறைக்கப்பட்டிருந்த ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது என்ற நேரடியான நியாயம் அந்த ஒளிக்கு இருந்தது.

திறந்தவெளியில், அதுவும் கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், அந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. ஆனாலும் வெளிப்புற உருவப்படம் கற்க முனையும் இன்றைய ஒளிப்படக் கலைஞர் ஏறத்தாழ ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டத்தில், கேமராவின் தலையிலிருந்து ஃபிளாஷைக் கழற்றி, ஒரு ஸ்டேண்டில் பொருத்தியோ உதவியாளரின் கையில் கொடுத்தோ, ரேடியோ ட்ரிகர் வழியாகத் தொலைவிலிருந்து அதை இயக்கப் பழகுகிறார். கேமராவின் மேலேயே பொருத்தப்பட்ட ஃபிளாஷ், லென்ஸ் பார்க்கும் அதே திசையிலிருந்து ஒளியை எறிவதால் முகத்தின் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கிவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியோ நிழலை உண்டாக்கி, நிழலின் வழியே கன்ன எலும்புக்கும் கழுத்து நரம்புக்கும் வடிவம் தரும். இது பாடநூல் தரும் விளக்கம். வெயிலே தேவைக்கு மேல் இருக்கும் இடத்தில் இன்னொரு விளக்கு எதற்கு என்ற கேள்விக்கு விடை காண, வெயில் மிகுந்த ஒரு வேலைக்களத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பதே தகும். தூத்துக்குடி உப்பளத்தைவிட அதற்குப் பொருத்தமான இடம் குறைவு.

தூத்துக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களிலும் ஆகஸ்டு மாதக் கடைசியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. உப்பு விளைச்சல் உச்சத்தில் இருக்கும் காலமும் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதே. உச்சிச் சூரியன் முகத்துக்குச் செய்யும் தீங்கு எளிதில் விளங்கக்கூடியது: புருவமேடு கண்குழியை இருளாக்குகிறது, மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழுகிறது, நெற்றியும் மூக்குநுனியும் மட்டும் வெளுத்துத் தெரிகின்றன. வேலையாட்கள் வெறுந்தலையோடும் நிற்பதில்லை. ஆண்கள் தலையில் துண்டைச் சுற்றுகிறார்கள். பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கை ஆண்சட்டை அணிந்து, தலையையும் நெற்றியையும் துணியால் மூடி, சுமைக்கான சும்மாட்டையும் அதன்மேல் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் துணியின் விளிம்புக்குக் கீழே விழும் கைகொள்ளும் அளவு நிழல்தான், அந்த வெட்டவெளி முழுவதிலும் வேலை செய்பவர் தமக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஒரே நிழல். ஒளிப்படக்காரர் தம் ஃபிளாஷால் நீக்க விரும்புவதும் சரியாக அந்த நிழலைத்தான். கற்பவர் இதை எண்ணிப் பார்ப்பது அரிது. கைந்நூல்கள் அந்த நிழலை ஒரு குறைபாடாகவே பட்டியலிடுகின்றன.

நிழலை நீக்காமல் விட்டால் கிடைப்பது என்ன என்பதும் தமிழ் வாசகருக்குத் தெரிந்ததே. தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை, விடியற்காலைச் செவ்வானத்தின் முன் கருநிழலுருவாக எத்தனை மே தினச் சுவரொட்டிகளிலும் நாளிதழ்ப் பக்கங்களிலும் வந்திருக்கிறது என்று கணக்கிட முடியாது. கடப்பாரையோடு குனிந்த உடல், சுமையோடு வரப்பில் நடக்கும் உருவம், வலை வீசும் கை என்று உழைப்பைக் காட்டும் நம் வழக்கமான படங்களில் பெரும்பகுதி இத்தகைய நிழலுருவங்களே. சூரியன் பின்னால் இருக்க, வானத்துக்கு ஏற்ப ஒளியளவு அமைக்கப்பட்டு, ஆள் கறுத்துப்போகிறார். உழைப்பு தெரிகிறது, உழைப்பவர் யாரென்று தெரிவதில்லை. அடையாளம் இல்லாததால்தான் அந்த உருவம் எந்தத் தலைப்பின் கீழும் பொருந்துகிறது. இந்த வசதிக்கு எதிராக ஒரு முகத்தை மீட்டெடுப்பதற்குத் தேவைப்படும் கருவி என்ற அளவில் ஃபிளாஷுக்கு வெயிலிலும் ஒரு வேலை இருக்கிறது.

அந்த வேலையைக் கற்பது, ஒரே படத்துக்குள் இரண்டு ஒளியளவுகள் தனித்தனியே நடக்கின்றன என்பதைப் புரிந்துகொள்வதில் தொடங்குகிறது. சூரிய ஒளி தொடர்ந்து பொழிவது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரமும் அது உள்ளே வரும். ஃபிளாஷின் ஒளியோ ஆயிரத்தில் ஒரு நொடி அளவுக்குள் பாய்ந்து முடிந்துவிடுவதால், ஷட்டர் நூற்றில் ஒரு நொடி திறந்திருந்தாலும் இருநூறில் ஒரு நொடி திறந்திருந்தாலும் அதன் அளவில் மாற்றம் ஏற்படுவதில்லை. ஆகவே ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெயில் மட்டும் குறையும், ஃபிளாஷ் அப்படியே நிற்கும்; லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் இரண்டும் சேர்ந்து குறையும்; ஃபிளாஷின் திறனையோ தூரத்தையோ மாற்றினால் முகத்தின் ஒளி மட்டும் மாறும். இதை மனப்பாடமாகச் சொல்ல ஒரு பொழுது போதும், விரல்கள் யோசிக்காமல் செய்ய நெடுநாள் ஆகும்.

ஷட்டர் வேகத்தை விருப்பம்போல் கூட்டவும் முடியாது. பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் என்பது உணரியின் முன் அடுத்தடுத்து ஓடும் இரண்டு திரைகள். முதல் திரை முழுதும் விலகி, இரண்டாம் திரை இன்னும் புறப்படாமல் இருக்கும் அந்த இடைவேளையில்தான் ஃபிளாஷ் மின்ன வேண்டும். அப்படி ஓர் இடைவேளை கிடைக்கும் மிகக் குறைந்த திறப்பு நேரத்தை சிங்க் வேகம் என்கிறார்கள். வழக்கமாக அது 1/200 அல்லது 1/250 நொடி. அதைத் தாண்டினால் இரண்டாம் திரை முதல் திரையைத் துரத்தத் தொடங்கிவிடுவதால், உணரியின் மேல் ஒரு கீற்று மட்டுமே திறந்தபடி நகர்கிறது, படத்தின் ஒரு பட்டையில் ஃபிளாஷ் விழாமல் போகிறது. அதிவேக சிங்க் என்ற ஏற்பாடு ஒரே மின்னலைப் பல சிறு துடிப்புகளாக உடைத்து இந்தத் தடையைத் தாண்டுகிறது. அதற்கு விலையாகத் திறனில் பெரும்பங்கை இழக்கிறது.

இனி எண்கள். ஐஎஸ்ஓ 100 என்ற உணர்திறனில் தெளிந்த வெயிலுக்கு உரிய அளவு, எஃப் 16 துவாரமும் 1/125 நொடியும் என்பது பழைய கைக்கணக்கு. 1/250 நொடிக்கு அது எஃப் 11 ஆகிறது. ஃபிளாஷின் வலிமையை வழிகாட்டு எண் என்ற அளவால் குறிப்பார்கள்; துவார எண்ணைத் தூரத்தால் பெருக்கினால் வருவது அது. கேமராவில் பொருத்தும் வகைச் சிறு ஃபிளாஷ் ஒன்றுக்கு, அகன்ற விரிப்பில், அந்த எண் 36 மீட்டர் என்று கொண்டால், எஃப் 11இல் முழுத்திறனோடு அது வெயிலுக்கு இணையாக எட்டக்கூடிய தொலைவு மூன்றேகால் மீட்டர். ஒளியை மென்மையாக்க ஒரு குடையை முன்னால் வைத்தால் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால் பங்கு ஒளி, வீணாகிறது; தொலைவும் பாதியாகச் சுருங்கி ஒன்றரை மீட்டர் சொச்சத்துக்கு வந்துவிடுகிறது. வெயிலோடு போட்டியிட விரும்புபவர் அந்த விளக்கை உழைப்பவரின் முகத்துக்கு ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவந்தாக வேண்டும் என்பதே கணக்கின் முடிவு. தூரத்தில் நின்று யாரும் அறியாமல் எடுப்பது என்ற வசதி அங்கே முடிந்துபோகிறது. அருகில் செல்லவும், பேசவும், அனுமதி கேட்கவும் இயற்பியலே கட்டாயப்படுத்துகிறது. ஃபிளாஷின் குறைபாடுகளுள் இது ஒன்றாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அதன் சிறந்த குணம் இதுவாகவே இருக்கலாம்.

தூரத்தைப் பற்றிய இன்னொரு விதி இதைவிட ஆழமானது. ஒளிமூலத்திலிருந்து விலகும் தூரம் இரட்டித்தால் ஒளியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. இதை எதிர்வர்க்க விதி என்பார்கள். சூரியனுக்கும் இவ்விதி பொருந்தும், ஆனால் அது பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், பாத்தியின் இந்த ஓரத்தில் நிற்பவருக்கும் நூறு மீட்டர் தள்ளி அம்பாரத்தின் மேல் உப்பைக் கொட்டுபவருக்கும் இடையே அதன் கணக்கில் வேறுபாடே இல்லை. வெயில் எல்லார் மேலும் ஒரே அளவாக விழுகிறது. ஒன்றரை மீட்டரில் நிற்கும் ஃபிளாஷோ, முன்னால் இருப்பவரை முழுதாக ஒளியூட்டி, மூன்று மீட்டரில் இருப்பவருக்குக் கால்பங்கு கொடுத்து, ஆறு மீட்டரில் இருப்பவரை ஏறக்குறைய மறந்துவிடுகிறது. உப்பளத்தில் யாரும் தனியாக வேலை செய்வதில்லை. ஒருவர் வாரிக் குவிக்க இன்னொருவர் அள்ளிக் கொடுக்க, வேறொருவர் சுமந்து செல்ல, வரிசையாக நகரும் வேலை அது. அந்த வரிசையிலிருந்து ஒருவரைப் பிரித்துத் தனியாள் ஆக்குவது ஃபிளாஷின் இயல்பிலேயே இருக்கிறது.

கற்பவர்கள் மயங்குவதும் இங்கேதான். சிறு ஃபிளாஷுக்குப் பதிலாக 400 அல்லது 600 ஜூல் ஆற்றலைச் சேமித்து வெளியிடும் பேட்டரி விளக்கு கைக்கு வந்ததும், துவாரத்தை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கி, வானத்தை இரண்டு ஸ்டாப் இருட்டாக்கி, முகத்தை மட்டும் ஒளிரச்செய்யும் வித்தை கைகூடுகிறது. நண்பகல் வானம் புயல் வருவதற்கு முந்தைய மாலைபோல் கருநீலமாகிறது. உப்புக் குவியல்கள் சாம்பல் நிறமாகப் பின்வாங்குகின்றன. முன்னால் நிற்கும் பெண் ஒரு காவிய நாயகியைப்போல் எழுந்து நிற்கிறார். கண்ணைக் கவரும் படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றிய முதன்மையான உண்மை, அது கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் நடக்கிறது என்பதும், ஆண்டுக்கணக்கில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண்கள் கெடுகின்றன என்பதும்தான். கறுத்த வானம் அந்த உண்மையை அழித்துவிடுகிறது. நிழலுருவப் படத்தில் இடம் இருந்தது, முகம் இல்லை. இதில் முகம் இருக்கிறது, அது எந்த வெயிலில் நின்றது என்பது இல்லை. திரைப்பட விளம்பரமும் மோட்டார் சைக்கிள் விளம்பரமும் ஏற்கெனவே பழக்கிவிட்ட ஒளி அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உப்பளம் தன் பங்குக்கு ஒரு விளக்கையும் வைத்திருக்கிறது. வெண்மையான உப்புத்தரை வெயிலைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்புவதால், சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பவரின் தாடைக்கும் கன்னத்துக்கும் அடியிலிருந்து மென்மையான ஒளி கிடைக்கிறது. படப்பிடிப்புத் தளங்களில் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துச் செய்யும் வேலையை இங்கே நிலமே செய்கிறது. உப்பு இறுகிய பாத்தியின் அருகே இது மிகுதி, உப்புநீர் மட்டும் நிற்கும் பாத்தியருகே குறைவு, களிமண் வரப்பில் இன்னும் குறைவு. ஆகவே ஆளைப் பத்தடி நகர்த்தி நிறுத்துவதே சிலசமயம் ஃபிளாஷின் தேவையை நீக்கிவிடும். இதே வெண்மை கேமராவின் ஒளிமானியை ஏமாற்றவும் செய்கிறது: தான் பார்ப்பதெல்லாம் சராசரிச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட அந்தக் கருவி, உப்பைச் சாம்பலாக்கப் பார்த்து, ஏற்கெனவே கறுத்த முகத்தை மேலும் இருட்டில் தள்ளுகிறது.

கறுத்த தோல் என்பதைத் தனியே பேச வேண்டும், ஏனென்றால் ஃபிளாஷ் பற்றிய பாடங்களில் பெரும்பாலானவை வெளிர்தோல் மனிதரை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. வண்ணப்படச்சுருளின் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் நிலையங்களுக்கு அனுப்பிய நிறச்சீரமைப்பு அட்டைகளில் வெள்ளைப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது என்பதும், அடர்நிறங்களைச் சரியாகப் பதிவுசெய்யவில்லை என்ற முறையீடு சாக்லேட், மரச்சாமான் விற்பவர்களிடமிருந்து வந்த பிறகே அங்கே மாற்றத்துக்கான அக்கறை பிறந்தது என்பதும் இன்று ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டவை. தமிழ்நாட்டுத் திருமண ஒளிப்படம், கேமரா மேலிருந்து அடிக்கும் ஃபிளாஷாலும் பின்பு டச்சப் மேசையாலும் எல்லா முகங்களையும் ஒரே மாவு நிறத்துக்குக் கொண்டுவந்த கதையும் இதோடு சேர்ந்ததே. அந்தப் பழக்கத்தோடு உப்பளத்துக்கு வருபவர், முகம் கறுப்பாகத் தெரிந்தால் திறனைக் கூட்டுகிறார். தோல் வெளுக்கிறது, வியர்வைத் துளிகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாக வெடிக்கின்றன.

அடர்ந்த தோல் வடிவம் பெறுவது பெரும்பாலும் பளபளப்பால். ஒளி தோலுக்குள் புகுந்து சிதறித் திரும்புவது குறைவு. மேற்பரப்பில் பட்டு நேராகத் திரும்புவதே கண்ணுக்கு முதலில் தெரிகிறது. ஆகவே அங்கே ஒளியின் அளவைவிட ஒளிமூலத்தின் பரப்பும் அது நிற்கும் கோணமும் முக்கியமாகின்றன. சிறிய மூலம் சிறிய, கூர்மையான புள்ளிகளைத் தருகிறது. ஒன்றேகால் மீட்டர் அகலமுள்ள சாஃப்ட்பாக்ஸ் பக்கவாட்டிலும் சற்றுப் பின்தள்ளியும் நின்றால், கன்னத்தின் நீளத்துக்கு ஒரே சீரான மினுக்கு ஓடி, திறனைக் கூட்டாமலேயே முகம் எழுந்துவிடுகிறது. வியர்வை அப்போது தடையாவதில்லை. அதுவே ஒளியைப் பிடித்துக் காட்டும் பரப்பாகிறது. தோலின் நிறம் தன் நிறமாகவே இருக்கிறது. இதற்கு வேண்டிய கருவி பெரியது என்பதும் கடற்காற்றில் அது பாய்போல் இழுபடும் என்பதும் உண்மை; ஆனி, ஆடி மாதங்களின் காற்றில் எந்த ஸ்டேண்டும் மணல்மூட்டை இல்லாமல் நிற்காது, பலசமயம் மணல்மூட்டையோடும் நிற்காது. கடைசியில் ஒரு மனிதர்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ்த் திரையுலகில் அதற்கென்றே லைட்மேன் என்றொரு தொழிலாளர் வகுப்பு சங்கம் அமைத்து வாழ்கிறது. நட்சத்திரங்களுக்கு ஒளி பிடித்த அவர்களை உழைப்பாளர் வரிசையில் வைத்துப் படமெடுத்தவர்கள் அதிகமில்லை.

உழைப்பாளர் உருவப்படத்தின் பெருங்கலைஞர்கள் பலர் அத்தகைய படங்களுக்கு ஃபிளாஷின் பக்கமே போகவில்லை என்பதையும் கற்பவர் அறிந்திருப்பது நல்லது. 1929இல் அறுபது உருவப்படங்களோடு ஜெர்மானியச் சமூகத்தை வரிசைப்படுத்திக் காட்டிய ஆகஸ்ட் சாண்டர் இருக்கும் வெளிச்சத்தில் எடுத்தார். 1950இலும் 1951இலும் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் சிறுதொழில் செய்வோரைக் கருவிகளோடு ஸ்டுடியோவுக்கு வரவழைத்த இர்விங் பென் இயற்கை ஒளியையே நம்பினார். 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் சுரங்கத் தொழிலாளரையும் எண்ணெய் வயல் கூலிகளையும் எடுத்த ரிச்சர்ட் ஆவெடன் வெள்ளைத் தாளை நிழலான சுவரில் ஒட்டி அதன் முன் அவர்களை நிறுத்தினார். மூவருமே வெயிலைத் தவிர்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. நிழலான சுவர் ஒன்றுகூட இல்லாத உப்பளத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. வெளியிலேயே, பகல் ஒளியோடு ஃபிளாஷைக் கலந்து, இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரியாதபடி எடுத்தவர்களில் நெதர்லாந்தின் ரினேகே டைக்ஸ்ட்ரா முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கவர். 1992 முதல் அவர் எடுத்த கடற்கரை உருவப்படங்களில் வானம் சாம்பலாக வானமாகவே இருக்கிறது, முன்னால் நிற்கும் பதின்வயதினரின் தோல் மட்டும் ஒரு நூலளவு கூடுதலாகத் தெரிகிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டேண்டை நிறுத்தி, ட்ரிகரைச் சோதித்து, வெயிலுக்கு ஓர் அளவும் முகத்துக்கு ஓர் அளவும் பார்த்து முடிப்பதற்குள், “கொஞ்சம் நில்லுங்கக்கா” என்று நிறுத்தப்பட்டவர் தலையில் சுமையோடு நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய நேரத்துக்குக் கூலி இருக்கிறது. அவர் நின்றால் வரிசையே நிற்கும், கங்காணி திரும்பிப் பார்ப்பார். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஃபிலிப் லோர்கா டிகோர்சியா 1990களின் தொடக்கத்தில் ஹாலிவுட் தெருக்களில் உடலை விற்று வாழ்ந்த இளைஞர்களை, முன்கூட்டியே அமைத்துவைத்த விளக்குகளின் முன் நிறுத்தி எடுத்தபோது, அவர்கள் வழக்கமாக வாங்கும் தொகையைக் கொடுத்து, பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு அந்தத் தொகையையும் படத்தின் தலைப்பாகவே பதித்தார். அரசு தந்த கலை உதவித்தொகையிலிருந்து கொடுக்கப்பட்ட பணம் அது. பலருக்கு உறுத்தலாக இருந்த அந்தத் தலைப்புகள், மற்ற உருவப்படங்களெல்லாம் எந்த விலையில் எடுக்கப்பட்டன என்ற கேள்வியை அசைக்க முடியாதபடி வைத்துவிட்டன. உப்பளத்தில் விளக்கு அமைப்பதைக் கற்பவர் இதற்குச் செய்யக்கூடியது, அமைப்பு முழுவதையும் உதவியாளரை நிறுத்தியே முடித்துவிட்டு, சுமை இறக்கிவிட்டுத் திரும்பி வருபவரை, அவர் இளைப்பாறும் வேளையில் கேட்பது. கூலி கொடுப்பதாக இருந்தால் கணக்காகக் கொடுப்பது.

அளவு என்ற ஒன்றே கடைசியில் மிஞ்சுகிறது. வெயிலுக்கு இணையாக அல்லாமல் அதைவிட இரண்டு ஸ்டாப் குறைவாக ஃபிளாஷை வைத்தால், துண்டின் கீழுள்ள நிழல் நிழலாகவே இருக்கும், ஆனால் அதற்குள் கண்கள் தெரியும். மேலே சொன்ன சிறு ஃபிளாஷும் குடையும் அதே ஒன்றரை மீட்டரில் கால்பங்குத் திறனிலேயே இதைச் செய்துவிடுகின்றன. பேட்டரி நீடிக்கிறது, அடுத்த மின்னலுக்குக் காத்திருக்க வேண்டிய நொடிகளும் குறைகின்றன, முன்னால் இருப்பவருக்கும் பின்னால் சுமந்து செல்பவருக்கும் இடையிலுள்ள ஒளி வேறுபாடு வெயிலில் கரைந்துபோகிறது. அதிகாலையில் வேலை தொடங்கும்போது எடுத்தால், சூரியன் பழுப்பேறியிருக்கும் அந்நேரத்தில் நண்பகல் வெள்ளைக்கு அமைந்த ஃபிளாஷ் முகத்தில் நீலமாக விழும் என்பதால், அதன் வாயில் மெல்லிய ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்ட வேண்டும். நண்பகலில் எடுத்தாலோ வானம் வெளிறிப் போயிருக்கும், உப்பு கண்ணைக் கூசவைக்கும், படத்தில் ஃபிளாஷ் அடித்திருப்பதே தெரியாது. ஒளிப்படப் போட்டிகளின் நடுவர்கள் இத்தகைய படங்களை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவது வழக்கம். கறுத்த வானத்துக்குத்தான் அங்கே இன்னும் மதிப்பெண்.